மனோதத்துவம் படித்த கணக்கப்பிள்ளை

கடவுள் எனக்குக் கொடுத்தது தொண்டை ஒன்றுதான். உயரம் இல்லை, படிப்பும் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் பதுளைக்கு அருகே ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த அந்த நாட்களில், விடிகாலைப் பெரட்டுக்களத்தில் நின்று நான் ஒரு சத்தம் போட்டால், தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்தில் படுத்திருக்கும் நாய் எழுந்து மேல் லயத்துக்குப் போய்ப் படுக்கும். பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி, யார் எந்த மலையில் கொழுந்து பறிக்கப் போவது, யார் செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போவது என்று பிரித்து விரட்டுகிற வேலை. பிரிப்பதைவிட விரட்டுவதில்தான் எனக்குப் பேர். அந்தத் தொண்டையைப் பெரட்டுக்களத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் சத்தத்தில் கேட்டிருக்காது.

வீட்டில் மூன்று பேர் எனக்குக் கீழே வேலை செய்தார்கள் என்றே அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். ஹாலிஎலயிலிருந்து கட்டிக்கொண்டு வந்த என் மனைவி, எட்டு வயது மகள், நாலு வயது மகன். இதில் என் மனைவி எனக்குக் கீழே இல்லை என்பது எங்கள் குவாட்டர்ஸைத் தாண்டி நடந்துபோகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் மகளுக்குத் திக்க ஆரம்பித்தது. ‘அப்பா’ என்று கூப்பிட வந்தால் ‘அ’விலேயே நின்றுவிடுவாள். கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள், காலைத் தரையில் தட்டுவாள். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சத்தம் போடுவது. “வெரசா சொல்லு புள்ள. வாய்ல என்ன கொழுக்கட்டையா?” என்பேன். பயம் எனக்கு. பிள்ளைக்கு வாழ்க்கை பூராவும் இப்படியே ஆகிவிடுமோ, ஊமை என்று பேர் வாங்கிவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் வெளியே வரும்போது கோபமாக வந்தது.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினோம். கோயில் மணியைத் தலைகீழாகப் பிடித்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைத்தோம். ஒரு மணி வாங்கிக் கட்டுவதாக நேர்ந்துகொண்டோம். இத்தனைக்கும் நடுவில் என் மனைவி ஒருநாள் அடுப்பை ஊதிக்கொண்டே, நான் இல்லாத நேரத்தில் பிள்ளை ஓரளவு நன்றாகத்தான் பேசுகிறாள் என்றாள். என் மேல் அவள் தினமும் சொல்லும் குற்றங்களில் இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, குடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டேன்.

அப்போதுதான் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒரு செய்தியோடு வந்தார். கொழும்பிலிருந்து மனோதத்துவம் படித்த ஒருவர் பதுளைக்கு வருகிறார், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஆசிரியர்களுக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசப் போகிறார், கூட வந்தால் பின்வரிசையில் உட்கார்த்தி வைக்கிறேன் என்றார். மனோதத்துவம் என்றால் மனசுக்குள் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்வது என்பது என் எண்ணம். கண்டுபிடிக்கிறவர் கொஞ்சம் தாடியோடு, பார்வையிலேயே ஆளைத் துளைக்கிற மாதிரி இருப்பார் என்று எதிர்பார்த்து, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வந்தவர் ஒல்லியாக, தாடி இல்லாமல், காலையில் சாப்பிடாதவர் போல இருந்தார். குரலோ அதைவிட ஒல்லி. இந்தக் குரலை வைத்துக்கொண்டு எங்கள் பெரட்டுக்களத்தில் ஒரு நாள் நின்றால் தோட்டமே சிரித்துவிடும் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடவில்லை. பின்வரிசையிலிருந்து எழுந்து, சத்தமாகப் பேசும்படி அவரிடமே சொன்னேன். மண்டபம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். பேச வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே குரலில் தொடர்ந்தார். எல்லோரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

அவர் பல விஷயம் சொன்னார். பிள்ளையின் தப்பைக் கண்டியுங்கள், பிள்ளைக்கு ‘சோம்பேறி’, ‘மக்கு’ என்று பேர் வைக்காதீர்கள் என்றார். குறும்புக்கும் பிடிவாதத்துக்கும் பின்னால் பெரும்பாலும் ஏதோ பயம் ஒளிந்திருக்கும், அடிப்பதற்கு முன் அது என்ன என்று கேளுங்கள் என்றார். தாயும் தகப்பனும் தன்னைக் கவனிப்பதைவிடப் பெரிய பரிசு பிள்ளைக்குக் கிடையாது என்றார். நல்லதைச் செய்யும்போது பாராட்டினால் நல்லது வளரும் என்றும் சொன்னார். இத்தனையிலும் ‘பரிசு’ என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் ஏறியது. மற்றதெல்லாம் குரல் சின்னது என்பதால் வழியிலேயே விழுந்துவிட்டது.

கேள்வி நேரத்தில் எழுந்து நின்று, மகளுக்குத் திக்குகிறது, என்ன மருந்து என்று கேட்டேன்.

“அவ பேசும்போது நீங்க என்ன செய்வீங்க?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

திருத்துவேன் என்றேன். எப்படி என்றார். வேகமாகச் சொல்லச் சொல்வேன், அப்படியும் வராவிட்டால் நானே சொல்லி முடித்துவிடுவேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

“கொஞ்ச நாளைக்கு அவ முடிக்கிற வரைக்கும் சும்மா இருந்து பாருங்க. அவ வாயைப் பாக்காதீங்க, முகத்தைப் பாருங்க” என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளின் கேள்விக்குப் போய்விட்டார்.

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. சும்மா இருப்பதற்கு யாராவது கோட்டுப் போட்டுக்கொண்டு பதுளை வரை போவார்களா? சும்மா இருக்கிறவனைக் கண்டால் விரட்டுவதற்குத்தானே எனக்குச் சம்பளம்? இதெல்லாம் படித்தவர்கள் மருந்து இல்லாத இடத்தில் சொல்கிற சமாதானம் என்று பஸ்ஸில் வரும்போது மாஸ்டருக்கு விளக்கினேன். பஸ் முழுவதும் கேட்டது. ஹாலிஎல தாண்டுவதற்குள் என் மனதில் சொந்தமாக ஒரு மனோதத்துவமே தயாராகிவிட்டது.

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் ‘பேர்’ என்று சொல்வோம். நாள் முழுக்க ஒழுங்காக வேலை செய்தால் முழுப்பேர். நேரம் கழித்து வந்தாலோ கொழுந்து குறைந்தாலோ அரைப்பேர். என்னைக் கண்டு மலையே பயந்தது என் தொண்டைக்காக மட்டுமில்லை, இந்த அரைப்பேருக்காகவும்தான். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாலையில் நான் வந்ததும் மகள் என் முன்னால் வந்து நிற்க வேண்டும். நான் கேள்வி கேட்பேன். திக்காமல் பதில் சொன்னால் முழுப்பேர், ஒரு டொபி மிட்டாய். கொஞ்சம் திக்கினால் அரைப்பேர், பாதி டொபி. அந்தப் பாதியை நானே கடித்துக் கொடுப்பேன். நன்றாகத் திக்கினால் பேர் இல்லை. பரிசு கொடுக்கச் சொல்லித்தானே மனோதத்துவம் சொல்கிறது?

முதல் வாரம் மீதிப் பாதிகளையெல்லாம் தின்று எனக்குப் பல்வலி வந்ததுதான் மிச்சம். இரண்டாவது வாரத்தில் அதிசயம் நடந்தது. பிள்ளை திக்கவே இல்லை. பள்ளிக்கூடம் போனாயா என்றால் “ஆமா.” பாடம் படித்தாயா என்றால் “ஆமா.” தம்பியை அடித்தாயா என்றால் “இல்ல.” இன்றைக்கு என்ன விசேஷம் என்றால் “ஒண்ணுமில்ல.” எல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக வந்து விழுந்தன. தினமும் முழுப்பேர், முழு டொபி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஃபாக்டரியில் டீமேக்கரிடம் சொன்னேன். தெமோதரை ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில், யாரென்றே தெரியாத ஆட்களைப் பிடித்து வைத்துச் சொன்னேன். கொழும்பில் படித்தவரால் முடியாததை எட்டாம் வகுப்புப் படித்தவன் செய்துவிட்டான், மனோதத்துவம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஆளை நடத்தத் தெரிந்தால் போதும் என்றேன். திக்குகிற இன்னொரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பது தெரிந்து, அனுப்பி வைத்தால் சரிசெய்து தருகிறேன் என்று மாஸ்டருக்கு வாக்கும் கொடுத்தேன். மாஸ்டர் நல்லவர். அந்தப் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்றிவிட்டார்.

இந்தக் காலத்தில் மனோதத்துவத்தை மனைவி மேலும் பிரயோகித்துப் பார்த்தேன். அவள் பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் நின்று, குரலை ஒல்லியாக்கிக்கொண்டு, உனக்குக் கோபம் வந்திருப்பது எனக்குப் புரிகிறது என்றேன். புரிந்தால் போய் விறகு உடைத்துக்கொண்டு வரும்படி சொன்னாள். போய் உடைத்தேன். கோபம் தணிந்தது. மனோதத்துவம் வேலை செய்கிறது என்று அதையும் என் வெற்றிகளில் சேர்த்துக்கொண்டேன்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடக்கிற தந்திரம் அத்தனையும் எனக்கு அத்துப்படி. கூடைக்கு அடியில் முற்றல் இலையைப் போட்டு மேலே தளிரைப் பரப்புவது தெரியும், கொழுந்தில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுவது தெரியும். கூடையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை, ஒற்றைச் சொல்லுக்குத் திக்காது என்று கண்டுபிடித்து, அதற்கு மேல் பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதமாயிற்று. அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் மழை கொட்டி மலை வேலை நின்றுவிட்டது. நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். முன்கதவு சாத்தியிருந்ததால் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். விறகுக் கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. என் குரல்.

“ஏய், நீ என்னா அங்க ஆடி அசஞ்சி வர்ற? வெரசா வா. ஒனக்கு இன்னைக்கி அரைப்பேருதான். கேட்டா வாயத் தெறந்து பதில் சொல்லணும். வாய்ல என்ன கொழுக்கட்டையா?”

எட்டிப் பார்த்தேன். என் மகள் என் பழைய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாள். எதிரே வரிசையில் அவள் தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், எங்கள் வெள்ளாட்டுக் குட்டி. அவள் பெரட்டு நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் கூடத் திக்கவில்லை. நீளநீளமான வாக்கியங்கள் தடதடவென்று வந்துகொண்டிருந்தன. என் மகளின் பேச்சை முழுசாக நான் கேட்டது அன்றைக்குத்தான், அதுவும் என்னைப் போலவே.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த வயிற்றைத் தள்ளுவதெல்லாம் அவ்வளவு அச்சு அசலாக இருந்தது. பிறகு ஆட்டுக்குட்டி என்னைப் பார்த்துவிட்டது. தம்பி திரும்பினான். அவளும் திரும்பினாள். குடை கீழே விழுந்தது.

“அ… அ… அ…” என்றாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கால் தரையில் தட்டியது. என்னைப் போல் பேசும்போது வராத திக்கல், என்னிடம் பேச வந்ததும் வந்துவிட்டது.

மழையில் நின்றபடியே எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவ பேசும்போது நீங்க என்ன செய்வீங்க என்று அந்த ஒல்லிக் குரல் கேட்டது எதற்காக என்று அப்போதுதான் விளங்கியது. நான் மருந்து தேடிக்கொண்டு பதுளை வரை போயிருந்தேன். நோய் கோட்டுப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் என்னுடனேயே வந்திருக்கிறது. எல்லாத் திக்கலும் தகப்பனால் வருவதில்லை என்று பிற்பாடு படித்தவர்கள் சொல்லக் கேட்டேன். யார் மேலும் குற்றமில்லாமலும் வருமாம். இருக்கலாம். ஆனால் வந்ததைப் போகவிடாமல் பிடித்து வைத்தது நான்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அன்றைக்கு டொபி நின்றது, மாலைப் பெரட்டும் நின்றது. சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதானே என்று தொடங்கினேன். தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, சும்மா இருப்பதைப் போல் கஷ்டமான வேலை தோட்டத்திலேயே கிடையாது. அவள் ‘ப’ என்று தொடங்கி நிற்பாள். பள்ளிக்கூடம் என்று சொல்ல என் நாக்கு துடிக்கும். மூன்று எண்ணுவதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன். அவளோ காலையில் தின்ற பாண் ரொட்டியைப் பற்றிச் சொல்ல வந்திருப்பாள்.

கடைசியில் எனக்கு ஏற்ற ஒரு வழி கண்டுபிடித்தேன். வாய் நிறைய வெற்றிலை. மாலையில் வந்ததும், அவள் பேச வரும் முன்பே இரண்டு வெற்றிலையை மடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். வாயைத் திறந்தால் சட்டை பாழாகும். அதனால் திறக்க முடியாது. இப்படியாக மனோதத்துவத்தின் மிகப் பெரிய பாடத்தை நான் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பல் கறுத்தது. என்ன திடீரென்று இந்தப் பழக்கம் என்று மனைவி கேட்டாள். பதில் சொல்ல வாயில் இடமில்லை. கொஞ்ச நாளில் அவளுக்கே புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வெற்றிலையை அவளே மடித்துத் தயாராக வைத்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம் என்று இன்றைக்கும் சொல்வாள். நான் பேசாமல் இருந்த காலம் அல்லவா.

முதலில் மகள் என்னை நம்பவில்லை. ஓரக்கண்ணால் பார்ப்பாள், “ஆமா”, “இல்ல” என்று கூலியை முடித்துக்கொண்டு ஓடிவிடுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பெரட்டுக்களத்தில் நான் ஒரு நாள் சிரித்தபடி நின்றால் ஆட்களும் இன்னும் பயந்துதான் போவார்கள். ஆனால் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகளுக்குள் ஒரு ரிப்பனுக்காக நடந்த சண்டையை என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். ஒருத்தி என்ன சொன்னாள், மற்றவள் அதற்கு என்ன சொன்னாள், அதைக் கேட்டு மூன்றாவது ஒருத்தி யாரிடம் போய் என்ன சொன்னாள். ஒவ்வொரு சொல்லிலும் நின்று, தட்டி, தாண்டி வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என் ஆயுளில் அவ்வளவு சப்பென்ற கதையை நான் கேட்டதில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்தால் ரிப்பன் யாருடையது என்று மறுபடி முதலிலிருந்து வந்தது. விளக்கேற்றுகிற நேரமாகிவிட்டது. வாயிலிருந்த வெற்றிலையை எப்போதோ விழுங்கியிருந்தேன். அவள் எழுந்து போன பிறகு, துப்பப் போவதைப் போல வெளியே போய் நின்று அழுதேன்.

திக்கல் போகவில்லை. இதைக் கேட்கிறவர்கள் அதற்குப் பிறகு அவள் மடைதிறந்தாற்போலப் பேசினாள் என்று நான் சொல்லப்போவதாகக் காத்திருப்பார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. குறைந்தது, களைத்துப்போன நாட்களில் கூடியது, புது ஆட்களைக் கண்டால் வந்தது. ஆனால் பேச்சை நிறுத்திக்கொள்வது நின்றுவிட்டது. நடுவில் நான் எத்தனையோ முறை வழுக்கினேன். மகனைச் சத்தம் போட்டேன், மனைவியைச் சத்தம் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மலையில் தொண்டை குறையவே இல்லை. மனோதத்துவம் என்னைத் திருத்திவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பத்து வருஷம் போயிற்று. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரைகள் போய்ச் சிங்களத் தொரைகள் வந்தார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் ஒரு ஆயா வேலை காலியானது. மகள் அந்த வேலை வேண்டும் என்றாள். இதைவிட வேறு எந்த வேலையும் வேண்டாம் என்றாள். எனக்குப் பகீரென்றது. புது ஆள், ஆபிஸ், மேசைக்கு அந்தப் பக்கம் தொரை. அங்கே போய் நின்று இவள் ‘அ’ என்று நிற்பதை என் கண்ணால் பார்க்க வேண்டுமா? கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். இருந்தாலும் போனேன். வழியில் வெற்றிலை போட்டுக்கொள்ள மறந்துவிட்டேன். தொரைக்கு முன்னால் வெற்றிலையோடு நிற்கவும் முடியாது.

தொரை நல்ல மனிதர். உடைந்த தமிழில், ஃபாக்டரியில் வேலை கேட்காமல் ஏன் பிள்ளைகளோடு வேலை கேட்கிறாய் என்றார். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். “எ… எ…” என்று நின்றது. கழுத்து நரம்பு தெரிந்தது. தொரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். இத்தனை வருஷப் பாடமும் ஒரு நொடியில் காற்றில் போய்விட்டது. பெரட்டுக்களத்துத் தொண்டையில், அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே குழந்தைகள் என்றால் உயிர், நன்றாகப் பார்த்துக்கொள்வாள், பேச்சில் மட்டும் ஒரு சின்னக் குறை, அதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் என் கையைத் தொட்டாள்.

“இருங்கப்பா. நா இன்னும் முடிக்கல” என்றாள். அதில் ஒரு இடத்தில் கூடத் திக்கல் இல்லை.

பிறகு தொரையின் பக்கம் திரும்பினாள். மறுபடி அதே ‘எ’விலிருந்து தொடங்கினாள். நின்றாள், தாண்டினாள், மறுபடி நின்றாள். தொரை ஜன்னலை விட்டு அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் சொல்லி முடித்தது இதுதான்: “எனக்குப் பேச்சு வர நேரமாகும். பச்சப் புள்ளைகளுக்கும் அப்படித்தானே. அதுக என்னா சொல்ல வருதுன்னு கடைசி வரைக்கும் கேக்க எனக்குத் தெரியும்.”

வேலை கிடைத்தது. அது கிடைக்குமா கிடைக்காதா என்று தெரிவதற்கு முன்பே, அவள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே, நான் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் போய் நின்றுவிட்டேன். வாயில் ஒன்றும் இல்லை. இருந்தும் நான் பேசவில்லை.